பாஸ்டினுக்காகச் செய்த மோனத்துறவி

“எந்தச் சக்தி குறைஞ்சுதுன்னு மட்டும் சொல்லுங்க ஆசான். ரெண்டே நாள்ல சேர்த்துடறேன்.”

படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் குணசீலன் இதைக் கேட்டான்.

ஆசான் திரும்பவில்லை. கரும்பலகையில் ஒரு கோட்டையை வரைந்துகொண்டிருந்தாள்.

“செருப்பு,” என்றாள்.

கீழே பார்த்தான். கழற்றினான்.

ஆசான் என்றதும் தாடியும் காவியும் நினைக்க வேண்டாம். பெயர் தௌலத். குணசீலனைவிட இரண்டு வயது சின்னவள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டாள் என்று, கூட ஆடுகிற சங்கிலி கிண்டலாக வைத்த பெயர் அது. கிண்டல் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

உறையூரில் மூடிப்போன ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவள் ஆட்டம் நடத்துவாள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒவ்வொருவரும் கதையில் ஓர் ஆள். “கதவு பூட்டியிருக்கு, என்ன பண்றீங்க?” என்று ஆசான் கேட்பாள். உடைக்கிறேன் என்றோ, தட்டுகிறேன் என்றோ நீங்கள் சொல்ல வேண்டும். அது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். உங்கள் ஆள் வீரனா, திருடியா, மந்திரக்காரனா என்பதற்குப் பெயர் கிளாஸ். புத்தகத்திலேயே நிறைய கிளாஸ் உண்டு. அது போதாதவன் தானே ஒன்று செய்துகொள்ளலாம்.

குணசீலன் செய்வான். பிரமாதமாகச் செய்வான்.

தொல்லையே அங்கேதான் ஆரம்பித்தது.

“பாஸ்டின் வர்றதே இல்ல,” என்றான்.

“தெரியும்.”

“ஃபோன் பண்ணா வேலைங்கறான். ஓசூர்ல ஏதோ கம்பெனியாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கிளம்பறான். அதுக்குள்ள அவன் கிளாஸை சரி பண்ணிக் குடுத்தா, போறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது வந்து உக்காருவான். அவன் இல்லாம மேஜையே நல்லா இல்ல ஆசான்.”

ஆசான் கோட்டைக்கு ஒரு கதவு வரைந்தாள். பிடிக்கவில்லை போலிருக்கிறது. அழித்தாள்.

“கிளாஸ்லதான் குறைன்னு யாரு சொன்னா?”

“வேற என்ன இருக்கு?”

அவள் மறுபடி கதவை வரையத் தொடங்கினாள். அதற்குத்தானே அந்தப் பெயர்.

பாஸ்டினுக்குப் பேச்சு திக்கும்.

ஆறாம் வகுப்பில் இரண்டு பேரும் ஒரே பெஞ்ச். வருகை எடுக்கும்போது பாஸ்டின் பெயர் வரும். அவன் எழுந்து நிற்பான். வாய் திறக்கும், சத்தம் வராது. வகுப்பு சிரிக்கத் தயாராகும். அதற்குள் பக்கத்திலிருந்து குணசீலன் கத்திவிடுவான்: “உள்ளேன் ஐயா!”

அன்றிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. பஸ்ஸில் டிக்கெட் எடுப்பது குணசீலன். பாஸ்டினின் அம்மாவிடம் மார்க் சொல்வது குணசீலன். டீக்கடையில் “ரெண்டு டீ” சொல்வதும் குணசீலன். பாஸ்டின் பக்கத்தில் நின்று சிரிப்பான். குணசீலன் நல்லவன் என்று தெருவே சொன்னது. அவனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்த மேஜைக்கு பாஸ்டினைக் கூட்டி வந்ததும் அவன்தான்.

முதல் நாள் பாஸ்டின் புத்தகத்தைப் புரட்டி, பாணன் கிளாஸில் விரலை வைத்தான். ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவன். பேசியே காவலாளியைக் கவிழ்க்கிறவன்.

“டேய், இதுல ஃபுல்லா பேசணும்டா,” என்றான் குணசீலன்.

பாஸ்டின் விரலை எடுக்கவில்லை.

ஆட்டம் தொடங்கியது. கோட்டை வாசலில் காவலாளி மறித்தான். ஆசான் குரலைத் தடிமனாக்கி, “யாருடா நீங்க?” என்றாள். பாணன் பதில் சொல்ல வேண்டும். பாஸ்டின் நிமிர்ந்து உட்கார்ந்தான். “நா… நா…” என்றான். சங்கிலி மின்விசிறியைப் பார்த்தான். மேஜையின் இன்னொரு ஆட்டக்காரி தேன்மொழி நகத்தைப் பார்த்தாள்.

“நாங்க துணி வியாபாரிங்கன்னு சொல்றான்,” என்றான் குணசீலன்.

அந்த மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. மேஜையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் நடந்தது நடந்ததுதான், திரும்ப எடுக்க முடியாது. யார் சொன்னாலும் சரி. காவலாளி கதவைத் திறந்தான்.

பாஸ்டின் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

பாவமாக இருந்தது குணசீலனுக்கு. அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து நண்பனுக்காக ஒரு கிளாஸ் செய்தான்.

மோனத்துறவி.

துறவி பேசக் கூடாது. அவன் பேசாமல் இருக்க இருக்க மௌனம் உள்ளே சேரும். சேர்ந்த மௌனத்தால் அம்பை நிறுத்தலாம், சுவருக்கு அந்தப்பக்கம் நடப்பதைக் கேட்கலாம், பாறையை உடைக்கலாம். ஒரே ஒரு வார்த்தை பேசினால் போதும், சேர்த்ததெல்லாம் போய்விடும்.

அழகான கிளாஸ். பொய் சொல்லக் கூடாது, நிஜமாகவே அழகு. இணையத்தில் போட்டான், முகம் தெரியாத வெளியூர்க்காரர்களெல்லாம் எடுத்து ஆடினார்கள். ‘என்ன மூளைய்யா உனக்கு’ என்று எழுதினார்கள்.

அட்டையில் எழுதி பாஸ்டினிடம் கொடுத்தான். பாஸ்டின் வெகுநேரம் படித்தான்.

“இனிமே நீ வாயே தொறக்க வேணாம் மாப்ள. எப்புடி?” என்றான் குணசீலன். “சூப்பர்ல?”

பாஸ்டின் தலையாட்டினான்.

சில மாதம் ஆடினான். எல்லாவற்றிலும் ஜெயித்தான். அப்புறம் ஒரு ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. இப்போது ஓசூர்.

“பறக்கற சக்தி குடுக்கலாமா?” என்றான் குணசீலன். “இல்ல, மௌனம் சேர்ற வேகம் கம்மியா இருக்கோ? அதனால போரடிச்சிருக்குமோ?”

ஆசான் சாக்பீஸை வைத்தாள்.

“அதை நீங்க ஆடியிருக்கீங்களா?”

“செஞ்சதே நான்தானே.”

“ஆடியிருக்கீங்களா?”

“இல்ல.”

அவள் மேஜை டிராயரிலிருந்து பாஸ்டினின் அட்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள்.

“ஞாயித்துக்கிழமை வாங்கண்ணா. அவன் எடத்துல உக்காருங்க.”

ஞாயிறு வந்தது.

பாஸ்டினின் இடம் சுவரோரம். மின்விசிறிக் காற்று அங்கே வராது என்பது குணசீலனுக்கு அன்றுதான் தெரிந்தது.

“அவன் கடைசியா வந்த ஆட்டத்தையே ஆடப் போறோம்,” என்றாள் ஆசான்.

சங்கிலி நிமிர்ந்தான். “என்ன ஆசான்? நடந்தது நடந்ததுதான்னு நீங்கதானே சட்டம் பேசுவீங்க?”

“மாத்தப் போறதில்ல. இன்னொரு தடவ பாக்கப் போறோம். சங்கிலி, நீ குணா அண்ணனோட ஆளை எடுத்துக்க.”

“படைத்தலைவனா? நானா?” சங்கிலிக்கு வாயெல்லாம் பல். “என் மந்திரக்காரனுக்கு லீவு. டேய் குணா, உன்ன மாதிரியே பண்றேன் பாரு.”

“நான் எப்படிடா பண்ணுவேன்?”

“துறவி பேசக் கூடாது,” என்றாள் தேன்மொழி. “ஸ்ஸ்.”

“அப்பாடா,” என்றான் சங்கிலி. “இன்னிக்கித்தான்டா இந்த ரூம்ல காது குளிருது.”

எல்லோரும் சிரித்தார்கள். குணசீலனும் சிரித்தான். பேசாமல்.

ஆசான் கதையைத் தொடங்கினாள்.

அரசவை. தேன்மொழியின் ஆள் திருடி. கையில் விலங்கோடு நிற்கிறாள். ஆற்றங்கரைப் படகோட்டியை அவள்தான் கொன்றாள் என்று குற்றம். பொழுது சாய்ந்தால் தூக்கு. சுற்றிலும் ஈட்டிக்காரர்கள். வடக்கே ஒரு பெரிய கல்சுவர், அதைத் தாண்டினால் ஆறு.

“இவ கொல்லலன்னு சொல்ல சாட்சி யாராச்சும் உண்டா?” என்றாள் ஆசான், அரசனின் குரலில்.

குணசீலனுக்கு இந்த இடம் நன்றாக நினைவிருந்தது. அவர்கள் ஆடியதிலேயே பெரிய வெற்றி. துறவி சுவரை உடைத்தான், திருடியைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் குதித்தார்கள், மேஜை அதிரக் கைதட்டினார்கள்.

“என்ன பண்ணலாம்?” என்று தேன்மொழி சங்கிலியைக் கேட்டாள்.

“அரசன்கிட்ட டைம் கேப்போம்,” என்றான் சங்கிலி.

“குடுக்க மாட்டான். சண்டை?”

“ஈட்டி அதிகம். தோத்துருவோம்.”

இரண்டு பேரும் பேசினார்கள். வாதாடினார்கள். அரசனிடம் பொய் சொல்லிப் பார்த்தார்கள், பகடை சரியாக விழவில்லை. குணசீலனிடம் நல்ல யோசனை ஒன்று இருந்தது. கையைத் தூக்கினான். யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கை அப்படியே நின்றது. பிறகு தலையைச் சொறிவதுபோல் இறக்கிக்கொண்டான்.

“துறவிக்கு ஓகேவான்னு கேளுடா,” என்றாள் தேன்மொழி.

“அவனுக்கு எல்லாம் ஓகேதான்,” என்றான் சங்கிலி. “அடுத்து?”

அச்சு அசல் குணசீலனின் குரல். தேன்மொழி விழுந்து விழுந்து சிரித்தாள்.

குணசீலன் சிரிக்கவில்லை.

அப்போது ஆசான் எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். குனிந்தாள். துறவிக்கு மட்டும் கேட்கிற விஷயம் அவன் காதுக்கு மட்டும்தான் வரும்.

“வடக்குச் சுவருக்குப் பின்னால ஒருத்தன் இருமறான்,” என்றாள் மெதுவாக. “படகோட்டி. சாகல. சுவரோட சேத்துக் கட்டிப் போட்டிருக்காங்க.”

போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

குணசீலனுக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. படகோட்டி உயிரோடு இருக்கிறான். இதை ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கே முடிந்தது. சண்டை வேண்டாம், தூக்கு வேண்டாம். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு, சேர்த்த மௌனம் மொத்தமும் போகும்.

அட்டையைப் பார்த்தான். அவனுடைய கையெழுத்து. ‘ஒரே ஒரு வார்த்தை பேசினாலும்’ என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தான்.

போனால் போகட்டும். கரும்பலகையில் வடக்குச் சுவரைக் கைநீட்டிக் காட்டி வாயைத் திறந்தான்.

“ஆங், அதான்!” என்றான் சங்கிலி. “துறவி அந்தச் சுவரை உடைக்கிறான்!”

“டேய் இரு!”

“துறவி பேசக் கூடாது. நீதான எழுதுன.” பகடை ஏற்கெனவே உருண்டுகொண்டிருந்தது. இருபது. “உடைஞ்சுதுடா! போடு!”

தேன்மொழி கைதட்டினாள்.

ஆசான் எழுந்து, வடக்குச் சுவரை டஸ்டரால் துடைத்தாள். சுவருக்கு அந்தப்பக்கம் ஒரு சின்னப் புள்ளி வைத்தாள். அந்தப் புள்ளியையும் துடைத்தாள்.

“அது என்னது?” என்றாள் தேன்மொழி.

“படகோட்டி. சுவர்ல கட்டியிருந்தாங்க. கல்லு அவன்மேல விழுந்துருச்சு.”

“அவன்தான் முன்னாடியே செத்துட்டானே?”

“இல்ல. இப்பத்தான் செத்தான்.”

சங்கிலி பகடையிலிருந்து கையை எடுத்தான்.

“அப்ப அன்னைக்கும்…?” என்றாள் தேன்மொழி.

“அன்னைக்கும்தான்.”

“எங்ககிட்ட சொல்லவே இல்லயே ஆசான் நீங்க?”

“சுவர் உடைஞ்சதும் குதிச்சு ஓடினீங்க. ஒருத்தராவது திரும்பிப் பாத்திருந்தா சொல்லியிருப்பேன்.”

குணசீலன் அட்டையைக் கவிழ்த்து வைத்தான்.

“அன்னைக்கு பாஸ்டின் காதுல என்ன சொன்னீங்க?”

“இப்ப உங்களுக்குச் சொன்னதுதான்.”

“அப்ப அவனுக்குத் தெரியும்.”

“அவனுக்கு மட்டும் தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல? ரூல்னாலயா? ரூல் என்ன பெரிய ரூல், போனா மயிரே போச்சுன்னு சொல்லியிருக்கலாமே!”

ஆசான் அவனையே பார்த்தாள்.

“ஆரம்பிச்சான்,” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

குணசீலனுக்கு அந்த நாள் மறுபடி வந்தது, இந்தத் தடவை சுவரோர நாற்காலியிலிருந்து. பாஸ்டின் கையை நீட்டியது. உதடு ஒட்டிக்கொண்டு நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. எதிரே, நல்ல காற்று வரும் இடத்தில் உட்கார்ந்திருந்தவன் சந்தோஷமாக எழுந்து கத்தியது. எல்லோரும் பாஸ்டின் முதுகில் தட்டியது. பாஸ்டின் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தது.

வெற்றியின் அடையாளமாக அன்று குணசீலன்தான் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான்.

சங்கிலி பகடையை மெல்ல மேஜையின் நடுவுக்குத் தள்ளினான். “நான் சும்மா இவனை மாதிரி பண்ணிக் காட்டத்தான்…” என்று ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான்.

ஆசான் டஸ்டரைத் தட்டினாள். தூசி பறந்தது.

“நானாவது நிறுத்தியிருக்கணும்,” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

குணசீலன் கவிழ்த்த அட்டையைக் கையில் எடுத்தான். பிறகு கேட்டான்.

“அப்ப நான் அவனுக்கு என்ன கிளாஸ்தான் செய்யணும் ஆசான்?”

“பஸ் எத்தனை மணிக்கு?” என்றாள் ஆசான்.

மாலை. பாஸ்டின் வீட்டுத் தெரு முனை. டவுன் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே டீக்கடை, ஆறாம் வகுப்பிலிருந்து அவர்கள் நிற்கும் கடை. பாஸ்டின் தோளில் ஒரு பையோடும் கக்கத்தில் ஒரு தலையணையோடும் நின்றிருந்தான். அம்மா கொடுத்துவிட்ட தலையணை என்பது அதன் பூப்போட்ட உறையிலேயே தெரிந்தது.

குணசீலன் ஓடி வந்தான். வழியெல்லாம் பேச வேண்டியதை அடுக்கி வைத்திருந்தான். படகோட்டி, சுவர், அட்டை, மன்னிப்பு. நண்பனின் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் கொட்டத் தயாராக நின்றது.

பாஸ்டின் அவனைப் பார்த்துச் சிரித்தான். “எ… எ…” என்றான்.

எங்கடா வந்த? எப்ப வந்த? என்னடா இப்படி வேர்க்குது? எப்போதும்போல மூன்றும் குணசீலனின் நாக்கு நுனிக்கு வந்தன.

பல்லைக் கடித்துக்கொண்டான்.

“எ…” பாஸ்டின் நிறுத்திவிட்டான். மிச்சத்தை நண்பன் சொல்லுவான் என்று காத்திருந்தான். நண்பன் சொல்லவில்லை. என்ன இவனுக்கு என்பதுபோல் பாஸ்டின் பார்த்தான்.

டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். “வாங்க தம்பி. பஸ்ஸு வர்றதுக்குள்ள குடிச்சுட்டுப் போங்க. ரெண்டு டீதானே?”

அவர் கேட்டது குணசீலனை. எல்லோரும் கேட்பது அவனைத்தான்.

“எனக்கு டீ,” என்றான் குணசீலன். அதோடு நிறுத்தினான்.

மாஸ்டர் கையில் இரண்டு கிளாஸ் இருந்தது. ஒன்றைக் கீழே வைத்தார். “பாஸ்டினு?”

பாஸ்டின் குணசீலனைப் பார்த்தான்.

குணசீலன் தரையைப் பார்த்தான்.

பால் பொங்கி வந்தது. பின்னால் நின்ற ஒருவர், “சீக்கிரம் சொல்லுங்கப்பா,” என்றார். திருப்பத்தில் பஸ் ஹாரன் கேட்டது. குணசீலன் தன் சட்டை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டான். ஒரு வார்த்தைக்காகக் காத்திருப்பது இவ்வளவு நீளம் என்று அவனுக்குத் தெரியாது.

“கா…” என்றான் பாஸ்டின்.

கழுத்து நரம்பு புடைத்தது.

“கா… கா…”

தலையணையை இறுக்கிக்கொண்டான்.

“காபி.”

மாஸ்டர் கை அந்தரத்தில் நின்றது. “காபியா? இத்தனை வருஷமா டீயில்ல குடிச்ச?”

பாஸ்டின் தலையணை உறையில் இருந்த பூவை விரலால் தேய்த்தான்.

“சரி, காபி,” என்றார் மாஸ்டர். டிகாஷனை ஊற்றினார். ஸ்பூனைச் சர்க்கரை டப்பாவுக்குள் விட்டு, பழக்கதோஷத்தில் குணசீலன் பக்கம் திரும்பினார்.

“இவனுக்குச் சர்க்கரை எப்படி தம்பி?”

குணசீலனுக்குத் தெரியவில்லை.